மெமரி யார் கையில்

காலை பதினொன்று இருபதுக்கு பேக்கிங் ஹாலிலிருந்து போன் வந்தது. திரையில் எழுத்து நகரவில்லை என்றார்கள். எதையும் அழுத்தாமல் கொஞ்சம் பொறுங்கள் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி வைத்தேன். அடுத்தது, நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவு. மூன்றாவது போனை எடுப்பதற்குள் என் மேஜையிலிருந்த டெர்மினலும் நின்றுவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் டிஸ்க் விளக்கு சிமிட்டாமல் ஒரேயடியாக எரிந்துகொண்டிருந்தது. சாதாரண நாட்களில் அது விட்டு விட்டுத்தான் எரியும்.

எண்பதுகளின் கடைசி. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையை ஒட்டிய ஒரு நூற்பாலை. அங்கே கணக்குப் பிரிவில் இருந்த என்னை, பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக மெட்ராசுக்குப் பயிற்சிக்கு அனுப்பி, கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாளன் ஆக்கியிருந்தார்கள். இருந்தது ஒரே பெட்டி. அதிலிருந்து வயர் இழுத்து எட்டு டெர்மினல்கள்; நான்கு ஆபீசில், நான்கு மில்லுக்குள் பேக்கிங் ஹால், கோன் வைண்டிங், குடோன் என்று. எட்டுப் பேர் எட்டு வேலை செய்தாலும் எல்லோருக்கும் மெமரி ஒன்றுதான். ஒருவர் அதிகம் எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்குக் குறையும். தீர்ந்தே போய்விட்டால், கம்ப்யூட்டர் ஒருவருடையதை டிஸ்கில் இறக்கி வைத்துவிட்டு இன்னொருவருடையதை ஏற்றும். பிறகு அதை இறக்கி இதை ஏற்றும். இந்த ஏற்றி இறக்கலே முழுநேர வேலையாகிவிடும்போதுதான் விளக்கு அப்படி எரியும். மெட்ராசில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நேரில் பார்த்தது அன்றுதான்.

எனக்கு அடுத்த மேஜையில் என் மகள் இருந்தாள். மில்லுக்குள் நின்றுபோயிருந்தது அவள் எழுதிய புரோகிராம்.

அவளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். ஒரு வருஷம் நிறைவதற்குள் ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். காரணங்களை எழுதுவதாக இல்லை. வந்தவள் வீட்டின் பின்பக்க அறையில் உட்கார்ந்தாள். கூப்பிட்டால் சாப்பிடுவாள். இருட்டினாலும் விளக்குப் போட மாட்டாள். அவள் அம்மாதான் தலைவாரிவிட வேண்டியிருந்தது. இப்படியே பல மாதங்கள். ஊரில் தெரிந்த டாக்டர் ஒருவர், கிணற்றுப் பக்கம் தனியாக விடாதீர்கள் என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

அவளும் கணிதம்தான் படித்திருந்தாள். நான் ஆபீசிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த கம்ப்யூட்டர் கையேட்டை ஒருநாள் எடுத்துப் பார்த்திருக்கிறாள். மறுநாள் சாப்பிடும்போது, "இந்தக் கணக்கை இப்படி எழுதுனா அது சுத்திச் சுத்தி அங்கியே நிக்குமுங்கப்பா" என்றாள். திரும்பி வந்தபிறகு அவளாகத் தொடங்கிய முதல் பேச்சு அது. அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டேன். பிறகு முதலாளியிடம் கேட்டு, சம்பளம் இல்லாத டிரெய்னியாக மில்லுக்கு அழைத்துவந்தேன். எந்த லாட் நூல் எந்த மூட்டையில் போகிறது என்று பதிந்து சீட்டு அடிக்கும் புரோகிராமை அவள் தனியாக எழுதினாள். சித்திரையில் அது ஓட ஆரம்பித்தது. அப்புறம் காலையில் எனக்கு முன்னால் கிளம்பி, வாசலில் நின்றுகொண்டு பஸ் போய்விடும் என்று என்னை அவசரப்படுத்துகிறவளாக மாறியிருந்தாள்.

ஆகவே அந்த விளக்கைப் பார்த்தபோது எனக்கு மெமரி ஞாபகம் வரவில்லை. பின்பக்க அறைதான் ஞாபகம் வந்தது.

முதலாளி என்று நாங்கள் சொன்னது, மில்லின் பங்குதாரர்களில் நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டவரை. எருமப்பட்டிப் பக்கம் தோட்டம் உள்ளவர். எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' போடாமல் பேசத் தெரியாது. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும் என்று அவரே போட்ட விதி இருந்தது. அன்று செருப்போடு வந்தார்.

"ஏனுங்க, லாரி நிக்குது. நூலு வாங்கற ஜலகண்டாபுரத்துக்காரன் ரெண்டு தடவ போன் போட்டுட்டான். சீட்டு இல்லாம மூட்டைய ஏத்தறதுங்களா?"

"சிஸ்டம் நின்னுருச்சுங்க. பாத்துட்டு இருக்கறனுங்க."

"ஒரு வாரமா ஊந்து ஊந்து போயிட்டிருந்துது. இன்னைக்கு அதுவும் படுத்துருச்சு." மகளைப் பார்க்காமல் அவள் மேஜையைப் பார்த்தார். "இந்தப் புள்ளையோட புரோகிராம் வாரதுக்கு முன்னால இப்படி என்னைக்காச்சும் நின்னிருக்குதுங்களா?"

நின்றதில்லை. அதைத்தான் சொன்னேன்.

"அப்பறம் என்னங்க. மிஷினு வித்த கோயமுத்தூர்க் கம்பெனிக்குப் போன் போட்டுட்டேன். இதே வேலைக்கு அவிங்ககிட்ட ஒரு புரோகிராம் ரெடியா இருக்குதாமா. டேப்பைக் குடுத்து ஒரு இஞ்சினீயரைப் பஸ் ஏத்தி வுட்டுட்டாங்க. தப்பு இந்தப் புள்ளையோடதுன்னா இதைத் தூக்கிட்டு அதைப் போட்டுக்கலாமுங்க. புள்ளையும் நிம்மதியா ஊட்டுல இருக்கட்டும். பாவம், அதுக்கு எதுக்கு இந்தத் தொந்தரவெல்லாம்."

கடைசி வார்த்தைகளை உண்மையான பரிவோடுதான் சொன்னார். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. மகள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"மெமரியை எது எடுத்துட்டு இருக்குதுன்னு பாக்க வழி இருக்குதுங்க" என்றேன்.

"பாருங்க. நீங்களே பாத்து நீங்களே சொல்லுங்க. சொந்தப் புள்ளைங்கறதுக்காக நீங்க மாத்திச் சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

வழி என்று நான் சொன்னது இது. கம்ப்யூட்டரில் எல்லாப் புரோகிராம்களுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. யாருக்கு மெமரி வேண்டுமானாலும் அதுதான் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி என்று, யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது என்பதைத் தனக்குள் ஒரு பட்டியலாக வைத்திருக்கும். அது டிஸ்கில் எழுதி வைக்கப்பட்ட பட்டியல் அல்ல. கெர்னலின் சொந்த மெமரியில் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருப்பது. அதைப் பார்க்க ஒரு கட்டளை உண்டு. அந்தக் கட்டளை கெர்னலிடம் எதையும் கேட்பதில்லை. கெர்னலின் மெமரியை ஒரு ஃபைல் மாதிரித் திறந்து, பட்டியல் இருக்க வேண்டிய இடத்துக்கு நேராகப் போய், அங்கே இருப்பதைப் படித்து வந்து காட்டும். பட்டியலில் வரிகள் தீர்ந்துபோனால் யாராலும் புதிதாக எதையும் ஓட்ட முடியாது. ஆனால் கடைசி வரி ஒன்றை மட்டும் பொறுப்பாளனுக்காகக் கெர்னல் ஒதுக்கி வைத்திருக்கும். நான் அந்த ஒரு வரியில் நுழைந்தேன்.

கட்டளையை அடித்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் வெற்றிலை போட்டு முடிக்கலாம் போலிருந்தது. முதலாளி நிஜமாகவே போட்டார்.

நான்காவதாக வந்த வரியில் ஒரு புரோகிராம், எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த மொத்த மெமரியைவிடப் பல மடங்கு எடுத்திருப்பதாகக் காட்டியது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோணல் மாணலாகச் சில எழுத்துகள்.

"அது யாருதுங்க? அவ்வளவு பெரிய நம்பரா இருக்குது" என்றார் முதலாளி.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பயந்துபோனவனுக்கு எவ்வளவு பெரிய எண்ணும் நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது.

மகள் தன் இடத்திலிருந்து எழுந்து வந்தாள். ஆபீசில் அவள் என்னை எல்லோரையும்போல சார் என்றுதான் கூப்பிடுவாள். "இது பொய்யிங்க சார். மொத்தம் இருக்கறதே ரெண்டு மெகாபைட்டு. இல்லாததை எப்படிங்க எடுக்கும்?"

"தான் எழுதுன புரோகிராமை இந்தப் புள்ள வுட்டுக் குடுக்குமுங்களா" என்று முதலாளி சிரித்தார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கரண்ட் போயிட்டு வந்து மிஷினை ஏத்தறப்ப நீங்க ஒரு பேரைக் கையால அடிப்பீங்களே சார், அது ஏனுங்க?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மில்லுக்குள் டெர்மினல்கள் போட்டபோது கோயம்புத்தூரிலிருந்து வந்த ஆள், அவற்றையும் சேர்த்துக் கெர்னலைப் புதிதாகக் கட்டி, வேறொரு பெயரில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் கையால் அடிப்பது அந்தப் பெயரைத்தான். ஓடிக்கொண்டிருந்தது அந்தப் புதியது. நான் அடித்த கட்டளையோ, பட்டியல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பழைய கெர்னலைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, புதியதற்குள் போய் அந்த இடத்தைத் துழாவிக்கொண்டிருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் கதவு இலக்கம் மாற்றிய பிறகும் பழைய இலக்கத்தை வைத்துக்கொண்டு மிளகாய் மண்டியைத் தேடிப் போகிறவன், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று மிளகாய் விலை கேட்பது போல. பதில் என்னவோ வரும். அது மிளகாய் விலையாக இருக்காது.

கட்டளையோடு புதிய கெர்னலின் பெயரையும் சேர்த்து அடித்தேன்.

இந்தத் தடவை வந்த வரிகள் ஒழுங்காக இருந்தன. ஒழுங்காக இருந்ததால் பார்ப்பதற்கு இன்னும் மோசமாக இருந்தன. கணக்குப் பிரிவில் பதினொன்றே காலுக்கு ஆரம்பித்த மாதாந்தர அறிக்கை ஒன்று. ஆபீஸ் வேலைகள் மூன்று நான்கு. அவற்றைத் தவிர, வரிக்கு வரி ஒரே பெயர். திரை நிறைந்து மேலே ஏறி, மறுபடியும் நிறைந்தது.

"எல்லாம் ஒரே பேரா இருக்குதுங்களே. என்ன பேருங்க அது?"

"பேக்கிங் புரோகிராமுங்க."

"அப்ப தெரிஞ்சுபோச்சு" என்று எழுந்தார். குரலில் வெற்றி எதுவும் இல்லை. "நான் போயிச் சாப்புட்டுட்டு வாரேனுங்க. அந்த இஞ்சினீயர் வந்தா இதைக் காட்டிருங்க. லாரிக்குக் கையால சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பச் சொல்லிர்றேன்."

அவர் போனதும் மகள் தன் மேஜைக்குத் திரும்பினாள். நாற்காலி முதுகில் போட்டிருந்த ஸ்வெட்டரை எடுத்து மடித்தாள். டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள். கையேட்டை வைக்கவில்லை, அது மில்லுடையது. பிறகு தண்ணீர் குடிக்க வெளியே போனாள். திரும்பி வரும்வரை நான் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் பானை நடைவழியிலேயே இருந்தது. நடைவழிக்கு அப்பால் மில்லின் திறந்த கிணறும் இருந்தது. அவள் வரச் சற்று நேரமானது, அவ்வளவுதான். வந்து உட்கார்ந்தாள். இதை எழுதும்போதும் அந்தக் கதவு திறந்த சத்தம் கேட்கிறது.

"நாலு டெர்மினல்தானுங்க சார் உள்ள இருக்குது. நாலு வரிதான் இருக்கோணும்" என்றாள்.

அந்தப் பட்டியலை முழுதாகப் பிரிண்டரில் அடித்தேன். திரையில் ஓடிப்போவதைக் காகிதத்தில் விரல் வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு வரியிலும் அந்தப் புரோகிராம் எடுத்திருக்கும் மெமரி பைட்டில் அல்ல, கெர்னல் மெமரியை வெட்டிக் கொடுக்கும் 'பக்கம்' என்ற துண்டுகளின் கணக்கில் இருக்கும். அந்தப் பத்தியில் மேலிருந்து கீழே இறங்கினேன். ஒரே எண். கடைசி வரையில் அதே எண்தான். இரண்டாம் தடவை இறங்கிவந்தபோதுதான் அது நல்ல செய்தி என்று உறைத்தது. ஒரு புரோகிராம் எழுதியவரின் தவறால் மெமரியைத் தின்கிறது என்றால், ஓட ஓட அது வீங்கும். பழையது பெருத்திருக்கும், புதியது சின்னதாக இருக்கும். இங்கே போன வாரம் ஆரம்பித்ததும் இன்று காலையில் ஆரம்பித்ததும் ஒரே அளவில் இருந்தன. அவளுடையது ஆரம்பத்தில் எடுத்துக்கொண்டதற்கு மேல் ஒரு பக்கம்கூடக் கேட்கவில்லை. எண்ணிக்கைதான் தப்பு.

அடுத்தாற்போல ஒவ்வொன்றும் ஆரம்பித்த நேரத்தைப் பார்த்தேன். எட்டு ஐந்து. எட்டு ஏழு. நான்கு நான்கு. நான்கு பத்து. பன்னிரண்டு ஆறு. ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு நேரம் என்று ஒரு வரிகூட இல்லை. எங்கள் மில்லில் ஷிப்டு மாறுவது எட்டுக்கும் நான்குக்கும் பன்னிரண்டுக்கும்.

காகிதத்தை அவளிடம் நீட்டினேன். அவள் பென்சிலால் சில வரிகளின் ஓரத்தில் புள்ளி வைத்தாள். பிறகு, "நான் அவிங்களுக்கு முடிச்சுட்டு வெளிய வாரதுக்கும் சொல்லிக் குடுத்தேனுங்களே" என்றாள், என்னிடம் இல்லாமல் காகிதத்திடம் சொல்வது போல.

குடோன் டெர்மினலிலிருந்து ஆரம்பித்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். மெமரி கொஞ்சம் விடுபட்டது. விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. மற்ற மூன்று டெர்மினல்களில் கிடந்தவற்றை, ஷிப்டு மாறும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றே விட்டுவைத்தேன். நான்கு மணிக்கு முன்னால் இருவரும் பேக்கிங் ஹாலுக்குப் போய், கோன் அடுக்கிய மேஜைக்குப் பக்கத்தில் நின்றோம்.

சங்கு ஊதியது. பகல் ஷிப்டுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு எழுந்தார். அடுத்தவர் வந்தார். "ஓடிட்டு இருக்குது, பாத்துக்க" என்றார் இவர். வந்தவர் கழிவுப் பஞ்சை எடுத்துத் திரையைத் துடைத்தார். ஆச்சரியக்குறி உள்ள பொத்தானை அழுத்தினார். ஓடுகிற புரோகிராமை முடிக்காமல் அடியில் விட்டுவிட்டு, அதன் மேல் வேறு வேலை பார்க்க வழிவிடும் பொத்தான் அது. திரையில் கட்டளை கேட்கும் குறி வந்தது. புரோகிராமின் பெயரை மறுபடி அடித்து, தன் டோக்கன் நம்பரைக் கொடுத்து, வேலையை ஆரம்பித்தார். முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மிகவும் நேர்த்தியாகச் செய்தார்.

போகத் திரும்பியவரை நிறுத்தி, "ஏனுங்க, உங்களுதை முடிக்காம அப்படியே வுட்டுட்டுப் போறீங்களே?" என்று கேட்டேன்.

"நிறுத்திட்டுப் போறதுங்களா?" அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஆபீஸ்காரர்கள் எல்லோருக்குமான இரக்கம் இருந்தது. "ஓடற மிஷினை நிறுத்திக் கையில குடுத்தா அடுத்த ஷிப்டுக்காரன் வாயில என்ன வருமுன்னு உங்களுக்குத் தெரியாதுங்க."

"வரட்டுமே, கேளேன்" என்றார் உட்கார்ந்திருந்தவர், தலையைத் திருப்பாமல்.

மில்லில் அது எழுதாத சட்டம். நூல் நூற்கும் ரிங் பிரேமை ஓடும் நிலையில்தான் ஒப்படைக்க வேண்டும். நின்ற மிஷினை ஒப்படைப்பவன், வேலையைக் கெடுத்துவிட்டு நழுவுகிறவன். இருபது வருஷமாக அப்படியே கைமாற்றிப் பழகியவர்களின் முன்னால் நாங்கள் ஒரு திரையை வைத்திருந்தோம்.

"சரி, ஓடறதுலயே நீங்க தொடரலாமே. எதுக்குப் புதுசா ஆரம்பிக்கறீங்க?" என்று உட்கார்ந்தவரிடம் கேட்டேன்.

"அது அவன் டோக்கனுங்க. நான் கட்டுற மூட்டையெல்லாம் அவன் பேர்ல ஏறிக்கும். ஏற்கெனவே அவன் பேரு பெருசு."

"அப்ப அவருது?"

"அது அடியில ஓடிட்டு இருக்குமுங்க. நாளைக்கு வந்து எடுத்துக்குவான்."

"எங்க எடுக்கறது" என்றார் போகிறவர். "காலைல வந்தா மேல ரெண்டு பேருது கெடக்குது. நானும் ஆச்சரியக்குறிதான்."

என் மகள் மெதுவாகக் கேட்டாள்: "முடிச்சுட்டு வெளிய வாரதுக்கு ஒரு பட்டன் சொல்லிக் குடுத்தேனுங்களே அண்ணா."

"சொன்னீங்க அம்மிணி. அது மில்லு லீவு வுடறப்ப அமுத்தறதுன்னு நெனச்சோம்."

பக்கத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்ததைப் பார்த்தேன். ஒரு கணம்தான்.

திரும்பி வரும்போது இன்னொரு கேள்வியும் தீர்ந்தது. இவர்கள் சித்திரையிலிருந்தே இப்படித்தான் செய்துவந்திருக்கிறார்கள். அப்படியானால் ஏன் இத்தனை நாள் நிற்கவில்லை? கோடையில் தினமும் கரண்ட் போனது. போகும்போதெல்லாம் அடியில் கிடந்த அத்தனையும் அழிந்து, காலி மெமரியோடு புதிதாக ஆரம்பித்தோம். இப்போது மேட்டூரில் தண்ணீர் வந்து, கரண்ட் நிற்காமல் இருந்தது. போன வாரத்திலிருந்து ஒருமுறைகூடப் போகவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

முதலாளி சாப்பிட்டு, படுத்து எழுந்து வந்தபோது ஐந்தரை இருக்கும். காகிதத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அளவு வீங்கவில்லை, எண்ணிக்கை பெருகியிருக்கிறது, ஷிப்டு மாறும் நேரம், ஆச்சரியக்குறி. கவனமாகத்தான் கேட்டார்.

"அப்ப தப்பு எம்பட ஆளுங்க மேலன்னு சொல்றீங்க."

"அப்படி இல்லீங்க..."

"ஓடற மிஷினை நிறுத்தாம குடுக்கோணுமுன்னு சொன்னவனே நாந்தானுங்க. அப்ப தப்பு எம்மேலன்னு சொல்லுங்க." காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். "நான் உங்களைக் கொறை சொல்லுலீங்க. எனக்கும் புள்ளைங்க இருக்குது. நானா இருந்தாலும் இப்படித்தான் ஒரு காரணம் தேடுவேன். வாரவரு வேத்தாளு. அவரு பாத்துச் சொல்லட்டும்."

பட்டியலில் இருந்த ஒவ்வொரு எண்ணும் உண்மை. அதைப் படித்துச் சொன்னவன் அப்பன் என்பதால் அது சாட்சியாகாமல் போயிற்று. மகள் மடித்த ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போகும் எங்கள் பஸ் போன சத்தம் கேட்டது. இருவருமே எழவில்லை.

இஞ்சினீயர் வந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். முப்பது வயதிருக்கும். சங்ககிரியில் பஸ் டயர் வெடித்துவிட்டதாம், சட்டையெல்லாம் செம்மண். தோளில் டேப் வைத்த பை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். முதலாளி தன் தரப்பைச் சொன்னார். நான் காகிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். நேரங்கள் இருந்த பத்தியில் அவர் விரல் நின்றது. தலையை ஆட்டிக்கொண்டு, "எழுதினது யார்?" என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"லாட் டேபிள் முழுக்க மெமரியில ஏத்திடறீங்களா?"

"ஆமாங்க சார். டிஸ்க் மெதுவா இருக்குதுங்க. ஒவ்வொரு மூட்டைக்கும் போய்ப் படிச்சா அவிங்க காத்துட்டு நிக்கோணும்."

"காட்டுங்க."

அவள் புரோகிராமைத் திரையில் எடுத்துக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். டீ வந்து ஆறிப்போயிற்று. ஒரு இடத்தில் திரும்பிப் போய் மறுபடி படித்தார். நான் அவர் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புரோகிராம்ல தப்பு இருக்குங்க" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"அதே டெர்மினல்ல ஏற்கெனவே ஒண்ணு ஓடுதான்னு இது பார்க்கறதில்ல. பார்த்து, ஓடினா புது டோக்கன் நம்பரை மட்டும் கேட்டுட்டு அதுலயே தொடரணும். அவங்க நிறுத்தவே வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வரி வரும்."

"அப்ப உங்க டேப்பைப் போட்டர்றதுங்களா?" என்றார் முதலாளி.

இஞ்சினீயர் பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

"இதுல இருக்கறதுலயும் அந்தப் பன்னிரண்டு வரி கிடையாதுங்க. இதைப் போட்டாலும் அடுத்த வாரம் இப்படியேதான் நிக்கும். இதை எழுதினவர் வேலையை விட்டுட்டுப் போயிட்டார், அவரை எங்கே தேடறது? உங்களுதை எழுதினவங்க இங்கயே நிக்கறாங்க. காலைல வந்து எழுதச் சொல்லுங்க. கோயமுத்தூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்குங்க?"